இராமநாதபுரக் கடற்கரையில் கட்டட வேலைக்குச் சிறிய லோடரைத் தேர்ந்தெடுப்பது எப்படி? முழுமையான வழிகாட்டி

உச்சிப்புளிக்குத் தெற்கே, கடலோரத்தில் மீன் ஏலக்கூடம் ஒன்றுக்கு அடித்தளம் நிரப்பும் வேலையை நான் மேற்பார்த்துக்கொண்டிருந்தபோது, மண் அள்ளும் சிறிய லோடரான பாப்கேட்டில் வாடகைக்குக் கிடைத்த முதல் வண்டியை யோசிக்காமல் வரவழைத்தேன். காலை எட்டு மணிக்கு இறங்கிய வண்டி, பத்து மணிக்குள் மூன்று முறை திரும்பியதிலேயே நான்கு சக்கரங்களும் மணலுக்குள் இறங்கி, அடிவயிறு தரையில் படிந்து நின்றுவிட்டது. அதை இழுத்தெடுக்க ஒரு ஜேசிபியும் அரை நாளும் செலவாயின. கீழக்கரையிலிருந்து வந்திருந்த வயதான ஆபரேட்டர் சக்கரத்தடியில் குனிந்து பார்த்துவிட்டுச் சொன்னார்: "தம்பி, இது கெட்டித் தரையில சுத்துற வண்டி. மணல்ல சுத்தவிட்டா கிணறு வெட்டிரும்." அந்த ஒரு வரியைச் சுற்றித்தான் இந்த வழிகாட்டி முழுவதும் அமைகிறது. நம் கரையில் லோடரைத் தேர்ந்தெடுக்கும் முதல் உரிமை மண்ணுக்கே உண்டு. குதிரைத்திறன், பக்கெட் அளவு, வாடகை ஆகியவை அதன் பிறகே வருகின்றன.

எவையெல்லாம் சிறிய லோடர்கள்?

நம் ஊரில் சிறிய லோடர் என்றாலே பாப்கேட் என்று சொல்லிவிடுகிறோம். அது ஒரு நிறுவனத்தின் பெயர்; வண்டியின் வகைப் பெயர் ஸ்கிட் ஸ்டீயர் லோடர். அதன் சக்கரங்கள் காரின் சக்கரங்களைப் போல வளைந்து திரும்புவதில்லை. ஒரு பக்கத்துச் சக்கரங்கள் வேகமாகவும் மறுபக்கத்துச் சக்கரங்கள் மெதுவாகவோ பின்னோக்கியோ சுழல, வண்டி தரையில் சறுக்கிக்கொண்டு நின்ற இடத்திலேயே திரும்புகிறது. 1957ஆம் ஆண்டு அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில், வான்கோழிக் கொட்டகையைச் சுத்தம் செய்வதற்காக சிரில் கெல்லர், லூயி கெல்லர் என்ற சகோதரர்கள் உருவாக்கிய மூன்று சக்கர வண்டியே இதற்கு மூலம். நான்கு சக்கர வடிவம் 1960இல் வந்தது. கொட்டகைக்குள், குறுகிய இடத்தில், கெட்டியான தரைமேல் திரும்புவதற்காகப் பிறந்த வண்டி என்பதை நினைவில் வைத்துக்கொண்டால், அது எங்கே ஓடும், எங்கே புதையும் என்பது தானாகவே விளங்கும்.

இதே உடலுக்குச் சக்கரத்துக்குப் பதிலாக ரப்பர் டிராக் பூட்டியது டிராக் லோடர். நடுவில் மூட்டு வைத்து, முன்பாதியும் பின்பாதியும் மடங்கித் திரும்புவது சிறிய வீல் லோடர். முன்னால் பக்கெட்டும் பின்னால் தோண்டும் கையும் கொண்ட ஜேசிபியைப் பேக்கோ லோடர் என்பார்கள். அது ஏறத்தாழ ஏழரை டன் எடை கொண்டதால் சிறிய வண்டி என்ற கணக்கில் சேராது. ஆனால் நம் மாவட்டத்தில் எந்த ஊரில் கேட்டாலும் கிடைப்பது அதுவே என்பதால், அதை ஒதுக்கிவிட்டுப் பேச முடியாது. டிராக்டரின் முன்னால் பக்கெட் பூட்டிய வண்டி, சவுடு மண்ணைத் தள்ளிச் சமப்படுத்தும் அளவிலான வேலைக்குப் போதுமானது.

முதல் படி: வேலையிடத்தில் நடந்து பாருங்கள்

வாடகைக்காரருக்குத் தொலைபேசியில் பேசுவதற்கு முன், 12 மில்லிமீட்டர் கம்பி ஒன்றையும் அளவு டேப்பையும் எடுத்துக்கொண்டு இடம் முழுவதும் நடக்க வேண்டும். வண்டி நின்று வேலை செய்யும் இடத்தை மட்டும் பார்த்தால் போதாது. லாரி மண்ணைக் கொட்டும் இடத்திலிருந்து குழி வரை லோடர் நூறு முறை போய்வரப்போகும் தடத்தையும் பார்க்க வேண்டும். கம்பியை ஒரு கையால் ஊன்றும்போது ஓர் அடி ஆழத்துக்குத் தடையின்றி இறங்கினால், சக்கர ஸ்கிட் ஸ்டீயருக்கு அந்தத் தடம் ஆகாது என்பது என் அனுபவக் கணக்கு. பாரம் ஏற்றிய டிராக்டர் டிரெய்லர் ஒன்று அந்த வழியில் போயிருந்தால் இன்னும் நல்லது. அதன் சக்கரத்தடம் நான்கு விரல் ஆழத்துக்கு மேல் இருக்கிறதா என்று பார்த்தால், கம்பி சொன்னது உறுதியாகிவிடும்.

நம் மாவட்டத்துக்குள்ளேயே மண் இடத்துக்கு இடம் மாறுகிறது. தனுஷ்கோடிப் பக்கமும் மண்டபத்துக் கரையும் தளர்ந்த கடல் மணல். வாலிநோக்கம் போன்ற உப்பளப் பகுதிகளில் மேலே காய்ந்து வெடித்திருக்கும் உவர்நிலத்தின் அடியில் குழைந்த சேறு இருக்கும். மேலோட்டைப் பார்த்து ஏமாந்தவர்கள் பலர். உள்ளே கமுதி, முதுகுளத்தூர்ப் பக்கம் போனால் கரிசல் மண், கோடையில் கல்லைப் போலவும் ஐப்பசி மழையில் களியாகவும் இருக்கும். ஆகவே அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவத்தில் வேலை நடக்குமானால், வெயிலில் பார்த்த தரையை நம்பி வண்டியை முடிவு செய்யக்கூடாது. கரையை ஒட்டிய இடங்களில் கடல் ஏறும் நேரத்தில் ஒரு சிறு குழி தோண்டி, நீர் எத்தனை அடியில் ஊறுகிறது என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். நீர் மேலே நிற்கும் மணலில் சக்கரம் அதிரும்போது மணல் கூழாகிவிடும்.

தரைமீது வண்டி தரும் அழுத்தத்தைக் கணக்கிட்டுப் பார்த்தால் காரணம் தெளிவாகும். மூன்றரை டன் எடையுள்ள டிராக் லோடரின் இரண்டு டிராக்குகளும் தலா 32 செ.மீ. அகலத்திலும் 140 செ.மீ. நீளத்திலும் தரையைத் தொடுவதாக வைத்துக்கொண்டால், ஒரு சதுர செ.மீ. மீது விழும் எடை 400 கிராமுக்குச் சற்றுக் குறைவு. எழுபது கிலோ எடையுள்ள ஒருவர் ஒற்றைக் காலை ஊன்றி நடக்கும்போது அவருடைய பாதம் தரும் அழுத்தமும் ஏறத்தாழ அவ்வளவே. பக்கெட்டில் பாரம் ஏந்திய சக்கர லோடரிலோ எடையின் பெரும்பகுதி முன்சக்கரங்கள் இரண்டின்மீது விழுகிறது. அங்கே அழுத்தம் இதைப்போல் நான்கைந்து மடங்காகிவிடும். நீங்கள் நடந்தால் குதிகால் புதையும் மணலில் அந்தச் சக்கரம் என்ன ஆகும் என்று எண்ணிப் பாருங்கள்.

ஆகவே தளர்மணலுக்கு முதல் விடை டிராக் லோடர். ஆனால் அது நம் மாவட்டத்தில் வாடகைக்குக் கிடைப்பது அரிது. மதுரையிலோ தூத்துக்குடியிலோ தேடிக் கொண்டுவர வேண்டியிருக்கும். கிடைக்காதபோது இரண்டாவது விடை, மடங்கித் திரும்பும் சிறிய வீல் லோடர். அது சறுக்காமல் திரும்புவதால் மணலைத் தோண்டாது. இரண்டும் இல்லாமல் சக்கர ஸ்கிட் ஸ்டீயரைத்தான் ஓட்டியாக வேண்டும் என்றால், போய்வரும் தடத்தில் ஓரடி கனத்துக்குக் கிராவலோ சவுடோ பரப்பித் தண்ணீர் விட்டு இறுக்கிவிட்டு, திரும்பும் இடத்தில் மட்டுமாவது இரும்புத் தகடு போட வேண்டும். அவசரத்துக்குத் தென்னை மட்டை போடுவது சிக்கிய வண்டியை வெளியே எடுக்க உதவும். நாள் முழுவதும் ஓட்ட உதவாது. கார்க்காரர்கள் மணலில் செய்வதுபோல டயரின் காற்றை மிகவும் குறைத்துவிடுவதும் ஆபத்தானது. ஸ்கிட் ஸ்டீயர் சறுக்கித் திரும்பும்போது, காற்றுக் குறைந்த டயர் ரிம்மை விட்டுக் கழன்றுவிடும்.

இரண்டாம் படி: முள்ளா, மணலா?

நம் கரையில் டயரைத் தேர்ந்தெடுப்பதில் வேறெங்கும் இல்லாத ஒரு சிக்கல் உண்டு. சீமைக்கருவேலம் வளராத மனை அரிது. மரத்தை வெட்டி அகற்றிய பிறகும் முள் மண்ணுக்குள் மக்காமல் கிடக்கும். காற்றடைத்த டயரில் ஒரே நாளில் மூன்று பஞ்சர் ஆன வண்டியை நான் பார்த்திருக்கிறேன். அதற்கு மாற்றாகச் சாலிட் டயர் போட்டால் முள் ஒன்றும் செய்யாது. ஆனால் அந்த டயர் விரிந்து கொடுக்காததாலும் வண்டியின் எடையைக் கூட்டுவதாலும் மணலில் இன்னும் வேகமாகப் புதையும். முள்ளுக்கு நல்லது மணலுக்குக் கெட்டது. மணலுக்கு நல்லது முள்ளுக்குக் கெட்டது.

இதற்கு என் தீர்ப்பு இதுதான்: மனையின் மேல்மண்ணைப் பல்லுள்ள பக்கெட்டால் அரையடி வாரி, வேரோடும் முள்ளோடும் ஒதுக்கும் முதல் இரண்டு நாள் வேலையை ஜேசிபியிடம் விட்டுவிடுங்கள், அதன் பெரிய, கனத்த டயர்கள் முள்ளைத் தாங்கும். பிறகு அகலமான காற்று டயருக்குள் பஞ்சர் ஜெல் ஊற்றிய லோடரை இறக்குங்கள். பேவர் பிளாக் யார்டு, கான்கிரீட் தளம், குடோன் போன்ற கெட்டித் தரையிலேயே வேலை முழுவதும் நடக்குமானால் மட்டும் சாலிட் டயர் போதும். டிராக்குக்கு முள் பயமில்லை என்றாலும், இடித்த கான்கிரீட்டிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் கம்பியும் கடற்கரையில் கிடக்கும் கூரான பவளக்கல் துண்டுகளும் ரப்பரைக் கிழித்துவிடும். டிராக் கிழிந்தால் வரும் செலவு டயர் செலவைப்போல் பல மடங்கு.

மூன்றாம் படி: சந்தின் அகலம்

கீழக்கரையின் பழைய தெருக்களிலும் இராமேசுவரம் கோயிலைச் சுற்றியுள்ள சந்துகளிலும் வேலை எடுப்பவர்கள் முதலில் டேப்பைத்தான் பிடிக்க வேண்டும். சிறிய ஸ்கிட் ஸ்டீயர்கள் ஏறத்தாழ 1.4 மீட்டர் அகலத்திலிருந்தும், நடுத்தர வண்டிகள் 1.7 மீட்டர் அளவிலும் வருகின்றன, ஜேசிபிக்கு 2.3 மீட்டருக்குமேல் வேண்டும். பட்டியலில் உள்ள அகலம் பல நேரங்களில் டயரின் அகலம்; பக்கெட் அதைவிடச் சற்று அகலமாக இருக்கும். சந்தின் மிகக் குறுகிய இடத்தில், திண்ணை, படிக்கட்டு, சாக்கடை மூடி ஆகியவற்றைக் கழித்துவிட்டு அளந்து, இரு பக்கமும் தலா ஒரு சாண் இடைவெளி இருக்கிறதா என்று பாருங்கள். தலைக்குமேல் தாழ்ந்து தொங்கும் மின்கம்பியின் உயரத்தை, பக்கெட்டை முழுதாகத் தூக்கிய நிலையிலுள்ள வண்டியின் உயரத்தோடு ஒப்பிட வேண்டும்.

நான்காம் படி: எடையைக் கணக்கிடுங்கள்

இந்தப் படியை நிதானமாகச் செய்ய வேண்டும். உயிர் சம்பந்தப்பட்டது இது. ஒவ்வொரு லோடருக்கும் கவிழ்எடை என்று ஒன்று உண்டு. அதாவது, எவ்வளவு பாரம் ஏற்றினால் வண்டியின் பின்பகுதி தூக்கிக்கொள்ளுமோ அந்த எடை. சக்கர ஸ்கிட் ஸ்டீயரில் அதன் 50 சதவீதத்தையும், டிராக் லோடரில் பொதுவாக 35 சதவீதத்தையும் வேலைக்குரிய எடை என்று தயாரிப்பாளர்கள் குறிப்பிடுகிறார்கள். கவிழ்எடை 1,300 கிலோ என்றால், சக்கர வண்டியில் தூக்க வேண்டியது 650 கிலோ மட்டுமே. வாடகைக்காரர் "ஒரு டன்னுக்கு மேல தூக்கும் சார்" என்று சொன்னால், அவர் எந்த எடையைச் சொல்கிறார் என்று கேளுங்கள்.

இப்போது நம் பொருளை எடுத்துக்கொள்வோம். 0.4 கன மீட்டர் பக்கெட்டில் உலர்ந்த மணலை நிரப்பினால், கன மீட்டருக்கு 1,600 கிலோ வீதம் 640 கிலோ வருகிறது, எல்லைக்குள் அடங்குகிறது. அதே மணல் மழையில் நனைந்து கன மீட்டருக்கு 1,900 கிலோவானால் 760 கிலோ. வண்டியும் பக்கெட்டும் நேற்று இருந்தவையே. ஓர் இரவு மழை மட்டும் அதை ஆபத்தான பாரமாக்கிவிட்டது. ஈர மணலில் பக்கெட்டை முக்கால் அளவுக்கு மேல் நிரப்பக்கூடாது என்று ஆபரேட்டரிடம் முன்னதாகவே சொல்லிவிட வேண்டும்.

பக்கெட்டுக்குப் பதிலாக ஃபோர்க் என்ற இரும்புக் கவையைப் பூட்டிப் பிளாக் கற்களைத் தூக்கும்போது கணக்கு இன்னும் இறுகும். ஆறு அங்குல சாலிட் பிளாக் ஒன்று 20 கிலோவைத் தாண்டும். முப்பது கல் வைத்தாலே 600 கிலோவுக்கு மேல் ஆகிவிடும். ஃபோர்க்கின் சொந்த எடை அதோடு சேர்கிறது. பாரம் பக்கெட்டில் இருப்பதைவிட வண்டியிலிருந்து முன்னே தள்ளி நிற்பதால் தூக்கும் திறனும் குறைகிறது. ஃபோர்க்குக்கு என்று தனியாகத் தரப்பட்ட எடை அட்டவணையைத்தான் பார்க்க வேண்டும்.

வேலையின் வேகத்தையும் இதே கணக்கில் பார்த்துவிடலாம். மண்ணை அளக்கும் ஒரு யூனிட் என்பது 100 கன அடி, அதாவது 2.83 கன மீட்டர். 0.4 கன மீட்டர் பக்கெட்டுக்கு அது ஏழு நடை, 1.1 கன மீட்டர் பக்கெட் கொண்ட ஜேசிபிக்கு மூன்று நடைக்கும் குறைவு. நாளொன்றுக்குப் பத்துப் பதினைந்து டிப்பர் மண்ணை அள்ள வேண்டிய திறந்த மனையில், சிறிய லோடரைப் பிடித்துக்கொண்டு நிற்பது வீண் செலவு. அங்கே ஜேசிபியைக் கூப்பிடுவதே நியாயம்.

ஐந்தாம் படி: டிப்பரின் பக்கச்சுவர்

லோடர் மண்ணைத் தரையில் மட்டும் பரப்புமா, டிப்பரிலும் ஏற்றுமா என்பதைப் பொறுத்து, பக்கெட்டைத் தூக்கும் கையின் அமைப்பு மாறும். வளைவாக உயரும் கை நடு உயரத்தில் நன்றாக முன்னே நீளும். தோண்டவும் சமப்படுத்தவும் ஏற்றது. செங்குத்தாக உயரும் கை உச்சியில் முன்னே நீளும். டிப்பரில் ஏற்றவும் பிளாக் அடுக்கவும் ஏற்றது. பட்டியலில் கொடுக்கப்படும் பெரிய உயரம், பக்கெட்டைக் கையோடு மாட்டும் அச்சாணி (pin) இருக்கும் இடத்தினுடையது. பக்கெட்டைக் கவிழ்க்கும்போது அதன் உதடு நிற்கும் உயரம் அதைவிட அரை மீட்டருக்குமேல் குறைவு. உங்களுக்கு வரும் டிப்பரின் பக்கச்சுவரைத் தரையிலிருந்து அளந்து, உதட்டின் உயரம் அதைவிட ஒரு சாணாவது கூடுதலாக இருந்தால் மட்டுமே அந்த வண்டியை ஒப்புக்கொள்ளுங்கள்.

ஆறாம் படி: உப்புக்கு ஈடுகொடுக்குமா?

புதிய பாம்பன் ரயில் பாலத்தைக் கட்டியவர்கள் துருப்பிடிக்காத எஃகுக் கம்பியும் தனிவகைப் பாதுகாப்புப் பூச்சும் பயன்படுத்தினார்கள் என்றால், அது இந்தக் காற்றின் குணத்துக்காகத்தான். லோடருக்கு அப்படிப்பட்ட பூச்சு எதுவும் இல்லை. கச்சான் காற்று வீசும் ஆனி, ஆடி மாதங்களில் உப்போடு நுண்மணலும் சேர்ந்து வந்து ரேடியேட்டர் இதழ்களிலும் ஏர் ஃபில்டரிலும் அடைந்துகொள்கிறது. உள்நாட்டில் வாரம் ஒருமுறை தட்டும் ஃபில்டரை இங்கே தினமும் பார்க்க வேண்டும்.

வாடகை வண்டியானாலும், பழைய வண்டி வாங்குவதானாலும், முதலில் ஹைட்ராலிக் சிலிண்டரின் ராடைப் பாருங்கள். கையை முழுதாகத் தூக்கி, தாங்குபூட்டு போட்ட பிறகு, பழைய துணியால் ராடைத் துடைத்துவிட்டுக் கட்டைவிரல் நகத்தை அதன்மேல் நீளவாக்கில் இழுத்துப் பாருங்கள். கண்ணாடியைப் போல வழுக்கினால் நல்லது. கடுகளவு குழிகளில் நகம் தட்டினால், உப்பு குரோம் பூச்சைத் தின்றுவிட்டது என்று பொருள். அந்தக் குழியின் விளிம்பு ஒவ்வொரு முறை உள்ளே போகும்போதும், ஆயில் கசியாமல் தடுக்கும் ரப்பர் சீலை (seal) அறுக்கும். சீல் மாற்றினாலும் மறு மாதமே ஆயில் கசியும். அடுத்து சீட்டுக்குப் பின்னால் உள்ள வயரிங் கப்ளர்களைப் பிரித்துப் பச்சைக் களிம்பு ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். மூட்டுகளில் உள்ள அச்சாணி, அதைச் சுற்றியுள்ள புஷ் ஆகியவற்றின் தேய்மானத்தை அறிய, பக்கெட்டைத் தரையிலிருந்து சற்றுத் தூக்கிவைத்து, அதன் ஓரத்தைக் கடப்பாரையால் நெம்பினால் ஆட்டம் தெரியும். எஞ்சினைக் குளிர்ந்த நிலையில் உங்கள் முன்னால் ஸ்டார்ட் செய்யச் சொல்ல வேண்டும். நீங்கள் போகும்போதே சூடாக இருந்தால் மறுநாள் காலை மீண்டும் போங்கள்.

வண்டியைக் கழுவுவதில் நம் கரைக்கே உரிய ஒரு தவறு நடக்கிறது. உப்பைப் போக்குவதற்காகத் தினமும் கழுவுகிறார்கள். ஆனால் கழுவுவது உப்பான போர்த் தண்ணீரால். அது உப்பைப் போக்க உப்பைப் பூசுவதாகும். குடிநீர் விலைக்கு வாங்கும் ஊரில் லாரித் தண்ணீரால் வண்டி கழுவச் சொல்வது மனத்துக்கு ஒப்பாதுதான். ஆகவே மண்ணைக் காற்றடித்து உதிர்த்துவிட்டு, ராடு, ரேடியேட்டர், கப்ளர் ஆகிய இடங்களை மட்டும் இரண்டு குடம் நல்ல தண்ணீரால் துடைத்தால் போதும். ரேடியேட்டருக்குள் மட்டும் எக்காரணத்தாலும் ஊர்த் தண்ணீர் ஊற்ற விடாதீர்கள். குறிப்பிட்ட கூலன்ட்டைத் தவிர வேறெதுவும் கூடாது.

ஏழாம் படி: அனுமதி

கடலை நோக்கிய பகுதியில், கடல்நீர் ஏறும் உயர் ஓத எல்லையிலிருந்து 500 மீட்டருக்குள் உள்ள நிலம் கடலோர ஒழுங்குமுறை மண்டலத்துக்குள் வருகிறது. மணல்மேடுகளைச் சமப்படுத்துவதோ அந்த மணலை நிரப்புக்கு அள்ளுவதோ கூடாது. மன்னார் வளைகுடா தேசியப் பூங்காவின் தீவுகளில் பல நம் கரைக்கு எதிரிலேயே இருக்கின்றன என்பதை மறக்கக்கூடாது. இடத்துக்காரரிடம் அனுமதிக் கடிதத்தைக் கண்ணால் பார்த்த பிறகே வண்டியை இறக்குங்கள். சக்கர வண்டியானால் பதிவெண், காப்பீடு ஆகியவற்றின் நகலையும் வாங்கிக்கொள்ளுங்கள்.

எட்டாம் படி: வாடகையா, சொந்தமா?

ஆண்டில் ஆறு மாதமாவது தொடர்ச்சியாக ஓட்டும் வேலை கையில் இல்லாதவர்கள் வாங்க வேண்டாம் என்பதே என் உறுதியான எண்ணம். நம் கரையில் சும்மா நிற்கும் வண்டிதான் வேகமாகத் துருப்பிடிக்கிறது. வாங்குவதானால், 2021 ஏப்ரலில் சக்கரக் கட்டுமான வாகனங்களுக்கு நடைமுறைக்கு வந்த நான்காம் கட்ட மாசு விதிக்கு முந்திய எஞ்சினா, பிந்தியதா என்று கேளுங்கள். பழைய எஞ்சினை உள்ளூர் மெக்கானிக்கே பிரித்து மாட்டிவிடுவார். மின்னணுக் கட்டுப்பாடு கொண்டதற்குக் கம்பெனி ஆள் மதுரையிலிருந்து வர வேண்டியிருக்கும். இராமேசுவரம் வரை அது ஏறத்தாழ 170 கிலோமீட்டர்.

வாடகையானால், மணிக்கணக்கு எங்கிருந்து தொடங்குகிறது, ஏற்றி இறக்கும் லாரிச் செலவு யாருடையது, டீசல் யார் போடுவது, ஆபரேட்டரின் பேட்டாவும் தங்குமிடமும் யார் பொறுப்பு, பஞ்சராகி நிற்கும் நேரம் யார் கணக்கில் சேரும், மணலில் சிக்கினால் இழுக்கும் செலவு யாருடையது என்பவற்றை ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். குழி துளைக்கும் ஆகர், கான்கிரீட் உடைக்கும் பிரேக்கர் போன்ற துணைக்கருவிகள் தேவையானால், அந்தக் கருவி நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் ஆயில் ஓட்டம் கேட்கிறது, வண்டி எத்தனை தருகிறது என்பதையும் அப்போதே ஒப்பிட்டுவிட வேண்டும். ஓட்டம் போதாத பிரேக்கர் கான்கிரீட்டைத் தட்டும், உடைக்காது.

ஒன்பதாம் படி: ஒரு மணி நேர ஒத்திகை

முழு நாள் வாடகை பேசுவதற்கு முன், உங்கள் மணலில், உங்கள் தடத்தில், உண்மையான பாரத்தோடு ஒரு மணி நேரம் ஓட்டிப் பாருங்கள். ஆபரேட்டர் நின்ற இடத்தில் சுழலாமல், முன்னும் பின்னுமாக அகன்ற வளைவில் திரும்புகிறாரா என்று கவனியுங்கள். மணலில் அதுவே அவருடைய கைத்திறனைக் காட்டும். சரிவில் பாரத்தோடு ஏறும்போது முன்பக்கமும், வெறும் பக்கெட்டோடு ஏறும்போது பின்பக்கமும் மேட்டை நோக்கி இருக்க வேண்டும். பாரத்தைத் தலைக்குமேல் தூக்கியபடி ஓட்டினால் உடனே நிறுத்தச் சொல்லுங்கள். ஒத்திகை முடிந்ததும் குனிந்து தடத்தை அளந்து பாருங்கள். இருபதாவது நடையில் தடம் முதல் நடையைவிட ஆழமாகிக்கொண்டே போனால், மதியத்துக்குள் வண்டி புதையும். தடம் ஓரளவில் நின்று இறுகிவிட்டால் வண்டியை வைத்துக்கொள்ளலாம்.

மாலையில் வண்டியை நிறுத்தும்போது, கடல் ஏறும் எல்லைக்கு மேலே, கெட்டித் தரையில், பின்பக்கம் காற்றை நோக்காதவாறு நிறுத்தச் சொல்லுங்கள். பக்கெட்டைத் தரையில் இறக்கி, சிலிண்டர் ராடுகள் கூடுமானவரை உள்ளே போகும் நிலையில் வைத்து, வெளியே தெரியும் பகுதியில் கிரீஸைத் தடவிவிட வேண்டும். காலையில் அந்தக் கிரீஸை மணலோடு சேர்த்துத் துணியால் சுத்தமாக வழித்தெடுத்த பிறகே எஞ்சினை ஸ்டார்ட் செய்ய வேண்டும்.